பெரியம்மாவின் லேவியராகமம்

பெரியம்மாவை அடக்கம் செய்த மறுவாரம் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு சேலை, ஒரு ஸ்வெட்டர், சேமநிதிக் கடிதங்கள், பெரியப்பாவின் பழைய அடையாள அட்டை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு பைபிள். பையைப் பிரித்ததும் மக்கிய வாடை அடித்தது. கறுப்பு அட்டை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். கேமரன் மலையில் எதை எவ்வளவு பத்திரமாகச் சுற்றி வைத்தாலும் இதுதான் கதி. தோல் செருப்பு, பெல்ட், கல்யாண ஆல்பம் எதுவும் இரண்டு மழைக்காலம் தாண்டாது.

"தூக்கிப் போட்டிரலாமா?" என்றான் அண்ணன். வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டு வந்தேன். அடுப்புக்கு மேலே உள்ள பலகையில் ஒரு வாரம் வைத்துக் காயவைத்தேன்.

எங்களுடையது மாரியம்மன் கோயில் குடும்பம். பெரியம்மா மட்டும் வேதக்காரர் வீட்டுப் பெண். பெரியப்பா அவரைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தபோது அப்பாயி மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு திருவிழாவுக்குக் கூழ் காய்ச்சுகிற பெரிய அண்டாவைக் கிளறுகிற வேலை பெரியம்மாவிடமே வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையில் கிளம்பி தானா ராத்தாவுக்குப் போய்விடுவார். நான் சிறுவனாக இருந்தபோது இந்தப் புத்தகத்திலிருந்துதான் கதை சொல்வார். பேழை கட்டிய நோவா, குழியில் தள்ளப்பட்ட யோசேப்பு, கடலைப் பிளந்த மோசே. கடலைத் தாண்டிய பிறகு என்ன ஆச்சு என்று கேட்டால், "அப்புறம் கதை இல்லப்பா, சட்டம்தான். அது பெரியவங்களுக்கு" என்று முடித்துவிடுவார்.

ஜனவரியில் பைபிளை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் பிப்ரவரியில் லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள் என்று என் கிறிஸ்தவ நண்பர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நான் அவர்கள் நிற்கிற இடத்திலேயே தொடங்கினேன். பத்துக் கட்டளைகள் வரும் யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலிருந்து உபாகமம் 26 வரை. தினம் இரண்டு அதிகாரம். வெளியே நவம்பர் மழை. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். அப்பாவும் நானும் மட்டும் இருக்கும் வீட்டில் வேறு பெரிய வேலையும் இல்லை.

யூத மரபு இந்தச் சட்டங்களை 613 என்று கணக்கிடுகிறது. செய் என்பவை 248, செய்யாதே என்பவை 365. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர் அத்தனையையும் வரிசைப்படுத்தி ஒரு நூலே எழுதினார். பெரியம்மாவிடம் இருந்தது புராட்டஸ்டண்டுகளின் பழைய மொழிபெயர்ப்பு. புரியாத இடங்களுக்காக, கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பழையதில் உபாகமம் என்று இருப்பது அதில் இணைச்சட்டம். புதியது தெளிவு. ஆனால் பழையதில்தான் தீட்டு, சூதகம், தோஷம் என்று எங்கள் அப்பாயி வாயில் புழங்கிய சொற்கள் வரிசையாக வந்தன. பல ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்த ஒரு மேய்ச்சல் சமூகத்தின் சட்டத்தில் எங்கள் லயத்துத் திண்ணைப் பேச்சு கேட்டது.

*

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது பூஞ்சணம். லேவியராகமம் 14இல் வீட்டுச் சுவருக்கு வருகிற நோயைப் பற்றி நீளமான சட்டம் ஒன்று இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு அதைக் குஷ்டதோஷம் என்கிறது. சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்த கறை தெரிந்தால் வீட்டுக்காரன் ஆசாரியனிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஆசாரியன் வந்து பார்த்து வீட்டை ஏழு நாள் பூட்டி வைப்பான். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே போட்டு, சுவரைச் சுரண்டி, வேறு கல் வைத்துப் பூச வேண்டும். மறுபடியும் வந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டும்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது அலுப்பாக இருக்கலாம். சுவரில் நீர் வழியும் லயத்தில் வளர்ந்த எனக்கு இது அக்கம்பக்கத்துச் செய்தி. எங்கள் வீட்டுச் சுவரிலும் அதே பச்சைதான். வருஷத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்போம். பொங்கலுக்குள் பச்சை திரும்பிவிடும். டிரெசர் ஐயா லயத்தைப் பார்வையிட வரும் நாளில் அம்மா பழைய காலண்டரை அந்த இடத்தில் மாட்டி மறைப்பார். அழுக்கு என்று எழுதிவிட்டால் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

அந்தச் சட்டத்தில் சின்னதாக ஒரு விதி உண்டு. ஆசாரியன் உள்ளே வருவதற்கு முன்னால் வீட்டுச் சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். அவன் பார்த்துத் தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளே இருக்கும் பானை, துணிமணி எல்லாம் சேர்ந்து தீட்டாகிவிடும். அதனால் முன்கூட்டியே காப்பாற்றிக்கொள்ளச் சட்டமே வழி சொல்லிக்கொடுக்கிறது. இதை எழுதியவனுக்கு ஏழை வீட்டுச் சாமான் எவ்வளவு என்று தெரிந்திருக்கிறது. எங்கள் டிரெசர் ஐயா ஒருநாளும் இப்படி முன்கூட்டிச் சொன்னதில்லை.

இரண்டு அதிகாரம் முன்னால் பிள்ளைப்பேற்றுத் தீட்டு. ஆண் குழந்தை என்றால் 7 நாளும் 33 நாளும், மொத்தம் 40. பெண் குழந்தை என்றால் 14 நாளும் 66 நாளும், மொத்தம் 80. படித்தபோது எரிச்சல் வந்தது. பெண்ணைப் பெற்றால் இரண்டு மடங்கு தீட்டு. இதிலும் அப்பாயிக்கும் மோசேக்கும் கருத்து வேறுபாடு கிடையாது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் பெரியம்மா ஒருமுறை அம்மாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. தங்கச்சி பிறந்த சமயம். "வேதத்துல பொட்டப்புள்ள பெத்தா எம்பது நாளு. நமக்கு அறுபதுதான். இங்க உள்ள சட்டத்துக்கு அதுவே தேவல, பாத்தியா?" இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சட்டம் எழுதியவர்களுக்கு அது விலக்கம். நாள் கணக்கில் முதுகில் கூடை சுமந்தவருக்கு அது லீவு. மலேசியாவில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது 2023 ஜனவரியில்தான். பெரியம்மா சொன்ன எண்பதை நாடு தாண்டியபோது அவருக்குக் கொழுந்துக் கூடையை இறக்கி முப்பது வருஷம் ஆகியிருந்தது.

*

ஆனால் இது பெரியம்மா கையில் இருந்ததாலேயே நல்ல புத்தகம் என்று சொல்லிவிட முடியாது. யாத்திராகமம் 21இல் ஒருவன் தன் அடிமையைக் கோலால் அடித்து, அந்த அடிமை அப்போதே சாகாமல் ஒன்றிரண்டு நாள் கழித்துச் செத்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை. காரணம், அவன் எஜமானின் சொத்து. லேவியராகமம் 25இல் தன் இனத்தானை அடிமையாக நடத்தாதே என்று சொல்லிவிட்டு, அந்நியர்களை வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்று அனுமதி கொடுக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருக்கும் சுதந்திர மணியில் பொறித்திருக்கும் வாசகம் இதே 25ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்ததுதான். அதே நாட்டில் அடிமைகளை வைத்திருந்தவர்களும் இதே அதிகாரத்தைத்தான் ஆதாரம் காட்டினார்கள். ஒரே அதிகாரத்தில் இரண்டு பேருக்கும் வேண்டியது கிடைத்திருக்கிறது.

அதே யாத்திராகமம் 21இல் எபிரெய அடிமை ஆறு வருஷம் உழைத்தால் ஏழாம் வருஷம் விடுதலை என்று ஒரு சட்டம் வருகிறது. அதைவிடப் பல நூற்றாண்டு பழைய பாபிலோனிய ஹமுராபி சட்டம், கடனுக்காக அடிமையானவர்களை மூன்று வருஷத்திலேயே விட்டுவிடச் சொல்கிறது. அதனால் ஆறு வருஷம் என்பதைப் பெரிய கருணை என்று சொல்வதற்கில்லை. என்னை உலுக்கியது அதற்கு அடுத்து வருவது. எஜமான் அந்த அடிமைக்குப் பெண் கட்டிக்கொடுத்து, பிள்ளைகளும் பிறந்திருந்தால், விடுதலையாகும் நாளில் அவன் மட்டும்தான் போகலாம். மனைவியும் பிள்ளைகளும் எஜமானுக்கு. அவன், "எனக்கு எஜமானைப் பிடித்திருக்கிறது, பெண்டாட்டி பிள்ளைகளைப் பிடித்திருக்கிறது, போகமாட்டேன்" என்று சொன்னால் அவனைக் கதவு நிலையருகே நிறுத்திக் கம்பியால் காது குத்த வேண்டும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அங்கேதான்.

அண்ணனை நினைத்துக்கொண்டேன். தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு சேர்ந்தது. அப்போதெல்லாம் 55 வயதில் வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் ஒருவராவது பேர் பதிந்து வேலையில் இருந்தால் வீடு தங்கும். அண்ணனுக்குக் கோலாலம்பூரில் மெக்கானிக் வேலை கிடைத்தது. அப்பாவுக்கு ஓய்வு நெருங்கிய சமயம். நான் அப்போது கல்லூரியில். அவன் ஒரே வரிதான் சொன்னான். "நான் போனா வீடு போயிரும்." தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டு இருந்துவிட்டான். இப்போது அவனுக்கு 60. இவ்வளவு நாளும் எஸ்டேட்தான் பிடித்திருக்கிறது, டவுன் சத்தம் ஆகாது என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தான். காது குத்திக்கொண்டவன் சொன்ன அதே காரணம்தான்.

பெரியம்மாவுக்கு அப்படி ஒரு பிள்ளை அமையவில்லை. மகன் சிங்கப்பூர் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். 1991இல் அவருக்கு 55 முடிந்ததும் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வாசலில் நின்று பெட்டியை வாங்கிக்கொண்டார். "வாங்க அண்ணி" என்றார். "வரேன் தம்பி" என்று உள்ளே வந்தவர் முப்பது வருஷத்துக்கு மேல் எங்களோடு இருந்தார்.

*

அப்பா மண்டோராக இருந்தவர். பெரட்டில் ஆள் பிரிப்பது, மலையில் மேற்பார்வை, அப்புறம் கொழுந்து நிறுப்பது. நிறுவைக் கொட்டகையில் தராசு உத்தரத்தில் தொங்கும். கூடையை மாட்டினால் வட்டத்துக்குள் முள் ஓடி நிற்கும். அப்பா எண்ணைச் சத்தமாகச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அங்கே போய் நிற்பதுண்டு. அவர் எண் சொல்லும் குரல் எனக்குப் பெருமையாக இருக்கும்.

உபாகமம் 25க்கு வந்தேன். சூடடிக்கிற மாட்டுக்கு வாய் கட்டாதே என்ற சட்டம் வருவது அந்த அதிகாரத்தில்தான். கொஞ்சம் தள்ளி, பையில் பெரிய நிறைகல் ஒன்று சிறிய நிறைகல் ஒன்று என்று இரண்டு விதமாக வைத்திருக்காதே என்ற சட்டம். லேவியராகமம் 19இலும் இது உண்டு. அங்கே தராசும் கல்லும் படியும் சரியாக இருக்க வேண்டும் என்கிறது. புத்தகத்தில் அதுவரை ஒரு கோடும் இல்லை. இந்த இடத்தில் பக்க ஓரம் முழுக்கப் பென்சில் எழுத்து. பொடி எழுத்து. ஈரம் பட்டு மங்கியிருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன்.

தேதி, ஒரு எண், அதன் பக்கத்தில் இன்னொரு எண், அப்புறம் ஒரு சொல். 24, 22, வெயில். 27, 25, வெயில். 21, 19, வெயில். சில இடங்களில் வித்தியாசம் மூன்று. ஓரம் நிரம்பி அடுத்த பக்கத்தின் அடியில் தொடர்ந்தது. 31 வரி. எல்லாம் 1983.

கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஈரக் கொழுந்துக்கு நிறுவையில் கழிப்பது எல்லாத் தோட்டத்திலும் நடந்ததுதான். மழையில் நனைந்த இலையில் தண்ணீரும் சேர்ந்து நிற்கும், அதற்காக ஒரு கிலோ இரண்டு கிலோ தள்ளுவார்கள். அதில் நியாயம் இருப்பது எடுப்பவர்களுக்கும் தெரியும். பெரியம்மா மழை நாளை எழுதவில்லை. வெயில் நாளை மட்டும் எழுதியிருக்கிறார். முள் காட்டியது ஒன்று, புத்தகத்தில் ஏறியது ஒன்று. காய்ந்த இலைக்கும் தண்ணீர்க் கழிவு. தனக்கு நியாயமாக வரவேண்டியது எதுவோ அதை மட்டும் குறித்து, அதற்குரிய சட்டத்தின் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். யாரிடமும் காட்டவில்லை. எழுதியவர் கொழுந்தன். முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

அடுத்த மூன்று நாள் நான் படிக்கவில்லை.

*

மிச்சம் ஒரு அதிகாரம்தான். ஆனால் திரும்ப எடுத்தபோது முன்னால் படித்ததையே மறுபடி படிக்கத் தொடங்கினேன். உபாகமம் 24: கூலிக்காரன் ஏழை, அவன் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடு. அவன் உன் இனத்தானாக இருந்தாலும் அந்நியனாக இருந்தாலும் சரி. எங்கள் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் கடைக் கணக்கு எத்தனை நோட்டு நிரம்பியிருக்கும் என்று லயத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

உபாகமம் 23இல் தப்பி வந்த அடிமையை அவன் எஜமானிடம் திரும்ப ஒப்படைக்காதே, அவனுக்குப் பிடித்த ஊரில் இருக்கவிடு என்று இருக்கிறது. ஹமுராபி சட்டத்தில் ஓடிவந்த அடிமைக்கு இடம் கொடுத்தவனுக்கு மரண தண்டனை. இந்த ஒன்றில் மோசேயின் சட்டம் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. இன்று எங்கள் மலைகளில் கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தான். அடுத்தவர் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். ஆனாலும் "பாஸ்போர்ட் பாஸ்கிட்ட இருக்கு அண்ணே" என்று டீக்கடையில் என்னிடம் சாதாரணமாகச் சொல்லும் பையன்கள் உண்டு.

அந்நியனை ஒடுக்காதே, நீயும் எகிப்தில் அந்நியனாக இருந்தவன் என்று இந்தச் சட்டங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எங்களுக்கு எகிப்து ரொம்பத் தூரத்தில் இல்லை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ தோட்டத் தமிழர்கள் கப்பலேறினார்கள். பெரியம்மாவின் பெட்டியில் இருந்த பெரியப்பாவின் அட்டையும் சிவப்புதான். அவர் போகவில்லை. பெர்மிட்டுக்கு அலைந்த வருஷத்திலேயே செத்துப்போனார். இன்று அந்தப் பையன்களை "பங்களா" என்று ஏளனமாகக் கூப்பிடுவது எங்கள் ஆட்கள்தான். அதே சட்டம் ஒரு பக்கத்தில் அந்நியனை நேசி என்கிறது, இன்னொரு பக்கத்தில் அந்நியனை விலைக்கு வாங்கலாம் என்கிறது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல மனிதனால் முடியும் என்பது எங்கள் டீக்கடையிலேயே தெரிகிறது.

கடைசியாக யூபிலி. ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை எக்காளம் ஊத வேண்டும். விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். நிலத்தை அறுதியாக விற்கக் கூடாது, ஏனென்றால் நிலம் கடவுளுடையது, நீங்கள் அதில் வந்து குடியிருப்பவர்கள். அப்படி ஒரு வருஷம் உண்மையில் நடந்ததா என்று ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. நடந்திருந்தாலும் அதில் எங்களுக்கு இடம் இல்லை என்று பட்டது. திரும்பிப் போக நிலம் இருந்தவனுக்குத்தான் யூபிலி. 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து போன மலை இது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தேயிலைக்கு நிலம் பெற்றார். 1931இல் தாப்பாவிலிருந்து ரோடு வந்தது. அதற்கெல்லாம் முன்னாலிருந்தே செமாய் மக்கள் இங்கே இருந்தார்கள். எக்காளம் ஊதினால் நிலம் அவர்களுக்குப் போக வேண்டும். நாங்கள் நட்டவர்கள், எடுத்தவர்கள், நிறுத்தவர்கள். பழைய மொழிபெயர்ப்பு புறக்குடி என்கிறது. அந்தச் சொல் எங்களுக்குப் பொருந்துகிற மாதிரி வேறு யாருக்கும் பொருந்தாது.

*

அப்பாவிடம் கேட்கவா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். அவருக்கு 85. கேட்காமல் இருப்பதும் இன்னொரு கழிவு மாதிரி இருந்தது. ஒருநாள் பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தவரிடம் புத்தகத்தைக் கொண்டுபோய் விரித்தேன். கண்ணாடி போட்டும் அவருக்குத் தெரியவில்லை. "படி" என்றார். படித்தேன். பத்து வரி படிக்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணி எழுதினதா?"

"ஆமாப்பா."

வெகுநேரம் சும்மா இருந்தார். "கிராணி ரெண்டு கிலோ கழின்னாரு. மழைக்குன்னு ஆரம்பிச்சது. வெயில்ல கழிக்காதேன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல." அப்புறம், "அண்ணிக்கு மட்டும் கழிக்காம விட்டா மத்த ஆளுங்க சும்மா இருப்பாங்களா? எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கழிச்சேன்" என்றார்.

நியாயத்தீர்ப்பில் ஏழைக்கும் பார்க்காதே, பெரியவனுக்கும் பார்க்காதே என்று லேவியராகமம் 19இல் ஒரு சட்டம் இருக்கிறது. அப்பா அதைப் படித்ததில்லை. அவர் வரைக்கும் அதைத்தான் கடைப்பிடித்திருக்கிறார். அதே அதிகாரத்தில் இருபது வசனம் தள்ளித் தராசு வருகிறது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"மொத்தம் எவ்வளவு வருது?"

கூட்டினேன். "அறுபத்தேழு கிலோ."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். "இது ஒரு ஆளுக்குத்தான். ஒரு வருஷத்துலயே மிச்ச நாளு எழுதாம விட்டிருப்பாங்க. என் கணக்குல நாப்பது பேரு இருந்தாங்க."

அவ்வளவுதான் பேசினார். நான் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது மழை விட்டு வெயில் அடித்தது. அந்த மாதத்தில் அது அபூர்வம். அப்பா வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு அதில் பைபிளை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் காய்ந்ததும் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.